வலைக்குப் பட்டை தேடி மலைக்குப் போனோம்

எங்கள் கரையில் அந்த மலைக்குப் பெயர் கிடையாது. கடலுக்குப் போகிறவர்கள் அதை ‘அடையாளம்’ என்பார்கள். மேற்கே நீலமாக அந்த மேடு தெரிகிற வரைக்கும் போகலாம், மறைந்தால் திரும்பிவிட வேண்டும். பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கோட்டைக்கு வருகிற கப்பல்காரர்களும் அதைப் பார்த்துத்தான் கரையைக் கண்டுபிடிக்கிறார்கள் என்று கேள்வி. அங்கேயும் மனிதர்கள் இருப்பார்கள், காலையில் எழுந்து அடுப்பு மூட்டுவார்கள் என்றெல்லாம் நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

போக வேண்டி வந்தது மருதம்பட்டைக்காக. எங்கள் தோணிரேவு ஊரில் எல்லாம் சணப்பு நூல் வலை. பட்டை போட்டுக் கொதிக்க வைத்த சாற்றில் புது வலையை ஊறவைத்து எடுத்தால்தான் உப்புத் தண்ணீருக்குத் தாங்கும். இல்லாவிட்டால் கொஞ்ச நாளிலேயே இழுத்த கையோடு பிய்ந்து வரும். வருஷா வருஷம் ஆவணியில் ஒரு வண்டிக்காரர் பட்டை கொண்டுவருவார். அந்த வருஷம் அவர் வரவில்லை; படுத்த படுக்கையாகிவிட்டார் என்ற செய்திதான் வந்தது. முந்தின மழைக்காலத்துப் புயலில் பாதி ஊரின் வலை போயிருந்தது. பெண்கள் எல்லோருமாக உட்கார்ந்து புது வலை முடைந்து குவித்து வைத்திருந்தோம். மழை தொடங்கி, கடலோடு சேருகிற முகத்துவாரம் திறந்து, எங்கள் உப்பேரிக்குள் இறால் ஏறும்போது அந்த வலைகள் தண்ணீரில் இறங்கியாக வேண்டும்.

“நாமளே போயி எடுத்தாந்தா இன்னா?” என்றார் என் வீட்டுக்காரர் கன்னியப்பன்.

அவரும், அவர் தம்பி தேசப்பனும், நானும், போலம்மாவும் கிளம்பினோம். போலம்மா ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று கையாலேயே இறாலும் நண்டும் பிடிக்கிறவள். அவளுடைய அண்ணன் சென்னய்யா மலையடியில் குடும்பத்தோடு இருக்கிறார். அவளுக்கு வழி தெரியும். பட்டையைப் பார்த்ததும் நல்லதா, சொத்தையா என்று சொல்ல எனக்குத் தெரியும், ஏனென்றால் எங்கள் கரையில் வலைக்குப் பட்டை போடுவது பெண்கள் வேலை. மலைப்பக்கம் பேச்செல்லாம் தெலுங்கு. என் அம்மா ஏரிக்கு வடகரையில் பிறந்தவள், அதனால் எனக்குத் தெலுங்கு வீட்டிலேயே வந்துவிட்டது. அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் அதில் ஒரு சொல்கூட விளங்காது.

மலைக்காரர்களுக்குக் கொடுக்க ஒரு மூட்டை உப்பும் ஒரு கூடை கருவாடும் எடுத்துக்கொண்டோம்.

முதல் நாள் தோணியில் ஏரியைக் கடந்து நடந்தோம். எளாவூர் சுங்கச் சாவடியில் இருந்த காவல்காரர் கூடையைத் திறந்தார். பொறுமையாகப் புரட்டிப் பார்த்து, நல்ல வாளைக் கருவாடாகப் பொறுக்கி எடுத்து வைத்துக்கொண்டார்.

“எங்க போறீங்க?”

“மலைக்கு. பட்டை எடுக்க.”

“அங்க புலி கீது, தெரியுமா?”

“எங்க அண்ணனும்தான் அங்க கீறாரு,” என்றாள் போலம்மா.

காவல்காரர் கொஞ்சம் யோசித்தார். “அப்ப உங்க அண்ணனுக்கு ஒண்ணு எடுத்துக்கோ,” என்று எடுத்ததில் ஒரு கருவாட்டைத் திரும்பக் கூடையில் போட்டார். இவ்வளவு நல்ல சாவடிக்காரரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

கோட்டைக்குத் துணி மூட்டைகளை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பிக்கொண்டிருந்த ஒருவர் எங்களை ஏற்றிக்கொண்டார். மாட்டு வண்டியில் நெடுந்தூரம் போவது எனக்கு அதுதான் முதல் தடவை. தோணி ஆடினால் உடம்பும் கூட ஆடும். வண்டி ஆடினால் எலும்பு மட்டும் ஆடுகிறது. தேசப்பன் கடலில் எந்த அலைக்கும் அசையாதவன். வண்டியின் ஓரத்தில் தலையைத் தொங்கப்போட்டு வாந்தி எடுத்தான். அவன் அண்ணன் சிரித்த சிரிப்பு பாதி வழிக்கு நிற்கவில்லை.

ஒரு ஊர் எல்லையில் கடையாணி கழன்று விழுந்தது. ஒரு பக்கச் சக்கரம் வண்டியை விட்டுவிட்டுத் தனியாக உருண்டு போய்க் கேழ்வரகு வயலுக்குள் படுத்துக்கொண்டது. நாங்கள் சரிந்து ஒருவர் மேல் ஒருவர் விழுந்தோம். கருவாட்டுக் கூடை கவிழ்ந்தது. அந்த ஊர் நாய்கள் மொத்தமும் எங்கிருந்துதான் வந்தனவோ. களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் ஓடி வந்து நாய்களை விரட்டிக் கருவாட்டைப் பொறுக்கித் தந்தார்கள்.

“எங்கிருந்து வருகிறது இந்த நாற்றம்?” என்று ஒருத்தி தெலுங்கில் மெதுவாகக் கேட்டாள்.

“கடலிலிருந்து. பாவம், அவர்களுக்கு அது தெரியாது,” என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

“தெரியும் அம்மா,” என்று நான் தெலுங்கிலேயே சொன்னேன். அந்தப் பெண் வெட்கப்பட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் வீட்டில்தான் அன்றைக்குத் தங்கினோம். கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும் போட்டாள். மீன் இல்லாமல் ஒரு வேளை சாப்பிட்டுப் பழக்கமில்லாத எங்களுக்கு அந்தக் கீரையில் என்ன போட்டிருந்தாள் என்று இன்றைக்கும் தெரியவில்லை. சட்டியை வழித்துத் துடைத்துவிட்டோம்.

மறுநாள் மதியம் மலையடிக்குப் போய்ச் சேர்ந்தோம். கரையிலிருந்து பார்த்தால் நீலம்; பக்கத்தில் வந்தால் பச்சை, பழுப்பு, நடுநடுவே கறுத்த பாறை. நிமிர்ந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்தது. எங்கள் ஊரில் நிமிர்ந்து பார்க்கப் பனைமரத்தை விட்டால் எதுவும் இல்லை.

சென்னய்யா ஒல்லியானவர், வாயாடி. தங்கையைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டு, அதை மறைக்க எங்களைக் கேலி செய்ய ஆரம்பித்தார். அவர் மனைவி மங்கம்மா வந்தவர்களுக்கு முதலில் தண்ணீர் கொடுத்தாள். அப்புறம் எங்கள் கால்களைப் பார்த்தாள். மணலில் நடந்த கால் கல்லில் நிற்குமா என்று பார்த்தாளாம். தேறாது என்று நினைத்தாளோ என்னவோ, தோல் செருப்பு தேடிப் பிடித்து ஆளுக்கு ஒரு ஜோடி கொடுத்தாள்.

“இன்னைக்கே ஏறிட்டா நாளைக்குத் திரும்பிடலாம்,” என்றார் என் வீட்டுக்காரர். நான் தெலுங்கில் சொன்னேன்.

சென்னய்யா தலையை ஆட்டினார். “வேண்டாம். இன்றைக்குப் படுத்துத் தூங்குங்கள். களைத்த கால்தான் வழுக்கும்.”

அன்று சாயங்காலம் மங்கம்மா எங்களை உட்கார வைத்து, மேலே எப்படி நடக்க வேண்டும் என்று சொன்னாள். கருவாட்டை மேலே கொண்டுபோகக் கூடாது, கரடி மோப்பம் பிடித்து வரும். தலையில் பூ வைக்கக் கூடாது, தேன்கூடு தொங்குகிற பாறை வழியில் இருக்கிறது. காய்ந்த புல் நிற்கிற இடத்தில் சுருட்டு, நெருப்பு, எதுவும் கூடாது. யாரும் தனியாக ஒதுங்கிப் போகக் கூடாது. கட்டுச்சோற்று இலையையும் கயிற்றுத் துண்டையும் திருப்பி எடுத்து வந்துவிட வேண்டும்.

“கயிறு ஏன்?” என்று கேட்டேன்.

“உங்கள் கயிறெல்லாம் உப்பு. மான் உப்புக்கு ஏங்கும். கயிற்றை மென்று விழுங்கிச் செத்துப்போகும்.” அவள் அப்படி ஒன்றைப் பார்த்திருக்கிறாள் என்பது சொன்ன விதத்திலேயே தெரிந்தது.

நான் ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லச் சொல்ல, என் வீட்டுக்காரருக்கு முகம் இறுகியது. “கடல்ல பொறந்து வளந்தவன் நான். நடக்கறதுக்கு எனக்குச் சொல்லித் தர்றாங்களா?” என்றார்.

“அவங்க நம்ம தோணியில ஏறுனா நீ சொல்லித் தர மாட்டியா மாமா?” என்றேன். அவர் இடுப்பில் இருந்த சுருட்டை எடுத்துக் குடிசைக் கூரையில் செருகி வைத்தார்.

மூன்றாம் நாள் விடியலில் ஏறினோம். ஊர் எல்லை தாண்டுமுன் மங்கம்மா நின்று காற்றை முகர்ந்தாள். நேராகத் தேசப்பனிடம் போய் அவன் மடியில் கை விட்டு ஒரு நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலத்தை எடுத்தாள்.

“வழியில பசிச்சா இன்னா பண்றதுன்னு…” என்று இழுத்தான் அவன்.

“கரடிக்கும் பசிக்கும் என்று சொல் அவனுக்கு,” என்றாள் மங்கம்மா என்னிடம். அந்தக் குடியிருப்பே சிரித்தது.

கடலில் நாங்கள் அதிகம் பேச மாட்டோம். இங்கே பேசிக்கொண்டே நடக்கச் சொன்னார்கள். சத்தம் கேட்டால் கரடி விலகிப் போய்விடும், சத்தமில்லாமல் போய் அதன் முன்னால் நின்றால்தான் ஆபத்தாம். சும்மா பேச்சு என் வீட்டுக்காரருக்கு வராது. கொஞ்ச தூரம் யோசித்துவிட்டு, துடுப்பு போடும்போது பாடுகிற ஏலேலோவை எடுத்துவிட்டார். அந்த மலை அதற்கு முன் ஏலேலோவைக் கேட்டிருக்காது. சென்னய்யாவும் பின்பாட்டு பாடினார், அர்த்தம் தெரியாமலே.

பாதி மலையில் ஒரு பாறை முகட்டில் உட்கார வைத்தார்கள். மங்கம்மா கிழக்கே கை காட்டினாள். தட்டையான நிலம், அதன் விளிம்பில் ஏரி ஒரு வெள்ளித் தகடு, அதற்கு அப்பால் கோடு போல மணல், பிறகு கடல். கோட்டை தெரியவில்லை. எங்கள் ஊர் தெரியவில்லை. கடலில் ஒரே ஒரு கப்பல் பாய், உமி அளவு. நான் பிறந்தது, கல்யாணம் ஆனது, புயலில் ஊரே அழுதது எல்லாம் அந்தச் சின்ன விளிம்பில்தான். கை கூப்பத் தோன்றியது, கூப்பினேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

மருத மரங்கள் ஒரு ஓடைக்கு அக்கரையில் நின்றன. ஓடையில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். கல்லுக்குக் கல் தாண்டிப் போய்விட்டோம். ஒவ்வொரு மரத்திலும் ஒரு பக்கத்தில் மட்டும், இரண்டு கை அகலத்துக்குப் பட்டை எடுக்க வேண்டும். சுற்றிலும் உரித்தால் மரம் பட்டுப்போகும். போன வருஷம் எடுத்த மரத்தைத் தொடக்கூடாது. ஆறாத காயம் பார்த்தாலே தெரியும். குருவிக் கூடு இருந்த ஒரு மரத்தை மங்கம்மா தாண்டிப் போகச் சொன்னாள். வேலை மெதுவாகத்தான் நடந்தது. ஆனால் பட்டை அருமையான பட்டை. உள்பக்கம் செக்கச் செவேலென்று, நக்கிப் பார்த்தால் நாக்கு சுருங்கியது. வண்டிக்காரர் கொண்டுவருவதில் பாதிக்கு இந்தத் துவர்ப்பு இருக்காது.

உச்சிப் பொழுது தாண்டியதும் என் வீட்டுக்காரர் கத்தியை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். “காத்து செத்துப்போச்சு,” என்றார். “எறங்கிடலாம்னு சொல்லு.”

சொன்னேன். சென்னய்யா சிரித்தார். “மலைக்குள் காற்று இப்படித்தான் நின்று நின்று வரும். மழை வந்தாலும் பொழுது சாய்ந்துதான். இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளுங்கள்.”

எங்கள் தலைக்கு மேல் வானம் சுத்தமாக இருந்தது. அவர் சொன்னதை நம்பாமல் இருக்க ஒரு காரணமும் இல்லை.

பட்டையைக் கட்டுகளாகக் கட்டினோம். சென்னய்யாவும் மங்கம்மாவும் முதல் கட்டோடு ஓடையைத் தாண்டிவிட்டார்கள். அடுத்துப் போலம்மா இறங்கினாள். அவளுக்குப் பின்னால் பெரிய பட்டைக் கட்டு ஒன்றை முதுகில் கட்டிக்கொண்டு தேசப்பன். நானும் என் வீட்டுக்காரரும் இன்னும் மரங்கள் நின்ற கரையிலேயே இருந்தோம்.

நடு ஓடையில் போலம்மா சட்டென்று நின்றாள். குனிந்து தண்ணீருக்குள் கை வைத்தாள். வாழ்நாள் முழுக்கத் தண்ணீருக்குள் கையை விட்டே பிழைத்தவள். “சேறு வருது! யக்கா, சேறு வருது, ஓடுங்க!” என்று கத்திக்கொண்டே தாவிக் கரை ஏறினாள். தேசப்பனுக்குப் புரியவில்லை. முதுகுக் கட்டு சரிந்தது என்று ஒரு பாறை மேல் நின்று அதைச் சரி செய்துகொண்டிருந்தான்.

மேலேயிருந்து ஒரு இரைச்சல். பெரிய அலை உடைகிற மாதிரி, ஆனால் அலை உடைந்தால் ஓயும், இது ஓயவில்லை. இலையும் கிளையும் சேறுமாகத் தண்ணீர் வந்தது. எங்கள் தலையில் ஒரு சொட்டு விழவில்லை. மலை உச்சியில் எங்கோ பெய்த மழை அது. நான் கண் சிமிட்டித் திறப்பதற்குள் தேசப்பனின் பாறை மறைந்துவிட்டது. இடுப்பளவு தண்ணீரில் அவன் கிளையொன்றைப் பிடித்துத் தொங்கினான்.

என் வீட்டுக்காரர் குதிக்கப் போனார். எந்தப் புயலிலும் அவரோடு கடலுக்குப் போக ஆள் கிடைக்கும், அப்படிப்பட்ட நீச்சல்காரர். எதிர்க்கரையிலிருந்து சென்னய்யா தெலுங்கில் அலறினார்: “அவனைப் பிடி! குதிக்க விடாதே! குதித்தால் இரண்டு பேரும் போவார்கள்!”

அந்தச் சத்தத்தில் அது எனக்கு மட்டும்தான் புரிந்தது. ஓடி அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டேன். அவர் என்னை உதறினார். அவ்வளவு பலம் எனக்கு எங்கிருந்து வந்ததோ, நான் விடவில்லை.

சென்னய்யா மேலும் கத்தினார். அவர் கத்தக் கத்த நான் தேசப்பனுக்குத் தமிழில் கத்தினேன்.

“தேசப்பா! கட்டை அறுத்து வுடு! முதுகுல கீறத அறுத்து வுடு!”

“பட்டை போயிடும் அண்ணி!”

“போவட்டும்! அறு!”

அவன் இடுப்புக் கத்தியால் அறுத்தான். கட்டு போன வேகத்தைப் பார்த்தபோதுதான் தண்ணீரின் பலம் எனக்குத் தெரிந்தது.

“நீஞ்சாத! எதிர்த்து நீஞ்சாத! மல்லாந்து படு, கால முன்னால நீட்டு! கீழ வளைவுல புடிப்பாங்க!”

கடல்காரனுக்கு நீந்தாமல் இருப்பது போல் கஷ்டம் வேறு கிடையாது. ஆனால் தேசப்பன் சொன்னதைச் செய்தான். கிளையை விட்டான். மல்லாந்து, காலை முன்னால் நீட்டி, மரக்கட்டையைப் போலப் போனான். மங்கம்மாவும் சென்னய்யாவும் போலம்மாவும் எதிர்க்கரை வழியாகக் கீழே ஓடினார்கள். வளைவில் ஓடை குறுகுகிற இடத்தில், இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒரு நீண்ட மூங்கிலைக் குறுக்கே போட்டு மூன்று பேரும் அதன் மேல் படுத்துக்கொண்டார்கள். தேசப்பன் வந்து அதில் மோதினான். போலம்மா அவன் தலைமுடியைப் பிடித்தாள். அவள் பிடித்ததைத் தண்ணீர் என்றைக்குத் திரும்ப வாங்கியிருக்கிறது?

எங்களுக்கு அங்கிருந்து தெரிந்தது மூன்று முதுகுகள் மட்டும்தான். பிறகு நான்காவதாக ஒரு தலை எழுந்தது. என் வீட்டுக்காரர் அப்படியே மண்ணில் உட்கார்ந்தார். அதற்கு முன்பும் பின்பும் அவர் அழுது நான் பார்த்ததில்லை.

தண்ணீர் வந்த வேகத்திலேயே வடிந்தது. பொழுது இருக்கும்போதே சென்னய்யா கயிறு வீசி எங்களை இக்கரைக்குக் கொண்டுவந்துவிட்டார். தேசப்பனுக்கு உயிர் தப்பியது, ஆனால் ஏதோ பாறையில் அடிபட்டு வலது காலில் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது. மூங்கிலில் என் புடவையின் பாதியைக் கட்டித் தூளியாக்கி அவனைக் கீழே தூக்கி வந்தோம். வழியெல்லாம் தூளியின் முன்பக்கத்தைச் சென்னய்யாவே சுமந்தார். வீடு வந்ததும் என்னிடம், “உன் புருஷன் காற்று நின்றதென்று சொன்னபோதே கேட்டிருக்க வேண்டும். அதை அவரிடம் சொல்லு,” என்றார்.

சொன்னேன். என் வீட்டுக்காரர் எழுந்து போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “நீங்க இல்லைன்னா நானும் சேந்து போயிருப்பேன்னு சொல்லு,” என்றார். அதை நான் தெலுங்கில் சொல்ல வேண்டி வரவில்லை. சென்னய்யாவே புரிந்துகொண்டார்.

மங்கம்மா எலும்பை இழுத்துச் சேர்த்தாள். தேசப்பன் போட்ட கூச்சலில் கோழிகள் கூரையேறின. முட்டையின் வெள்ளைக்கருவும் உளுத்தமாவும் குழைத்துப் பூசி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினாள். அவனை இப்போது அசைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள். அதனால் நாங்கள் அங்கேயே தங்கினோம்.

அந்த நாட்களை எப்படிச் சொல்வது. மூங்கிலரிசிக் கஞ்சி, சுட்ட காட்டுக் கிழங்கு, அதற்குத் தொட்டுக்கொள்ளத் தேன். தேனைச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்வார்கள் என்று சொன்னால் எங்கள் ஊரில் நம்ப மாட்டார்கள். தேசப்பன் எதையும் தொடாமல், “ஒரே ஒரு மீனு, அண்ணி,” என்று முனகிக்கொண்டிருந்தான். அதைக் கேட்டு மங்கம்மா ஓடையில் கல்லைப் புரட்டி, விரல் நீளத்து மீனும் கல் நண்டும் பிடித்து வந்து புளி ஊற்றிக் குழம்பு வைத்தாள். அவனை இழுத்துக்கொண்டு போன அதே ஓடை மீன். “இதுவா என்னைச் சாவடிக்கப் பாத்துது?” என்று கேட்டுக்கொண்டே மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டான்.

அடுத்த வீட்டுக்காரர்கள் பாய் கொடுத்தார்கள், கோழி கொடுத்தார்கள். யாரென்றே தெரியாத ஒரு பெண் வந்து, என் கிழிந்த புடவையைப் பார்த்துவிட்டுப் போய், தன் புடவை ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள்.

எனக்கு உள்ளே ஒரு கவலை அரித்துக்கொண்டே இருந்தது. வந்த காரியம் தண்ணீரோடு போய்விட்டது. மழை நெருங்குகிறது. திரும்ப மேலே ஏறக் கேட்க வாய் வரவில்லை. ஒரு காலையில் எழுந்து பார்த்தால் குடியிருப்பில் ஆண் பெண் பாதிப் பேரைக் காணோம். சாயங்காலம் வரிசையாக இறங்கி வந்தார்கள், தலையில் ஆளுக்கு ஒரு கட்டுப் பட்டை. எங்கள் நாலு பேரால் நாலு நாளானாலும் எடுத்திருக்க முடியாத பட்டை.

“இதுக்கு நாங்க கொடுக்க ஒண்ணும் எடுத்தாரலியே,” என்றார் என் வீட்டுக்காரர்.

“உப்பு கொடுத்தீர்களே,” என்றார் சென்னய்யா. “அடுத்த தடவை கருவாட்டைக் கொஞ்சம் கூட்டிக் கொண்டு வாருங்கள். அந்தச் சின்ன மீன், அவன் மடியில் இருந்ததே, அது நன்றாக இருந்தது.”

சென்னய்யா ஏற்பாடு செய்த வண்டியில் பட்டையை ஏற்றி, அதன் மேலேயே தேசப்பனைப் படுக்க வைத்துத் திரும்பினோம். இந்தத் தடவை கடையாணி கழலவில்லை. மெத்தை போலப் பட்டை இருந்ததால் அவன் வாந்தியும் எடுக்கவில்லை.

வலைகளுக்குப் பட்டை போட்டோம். முகத்துவாரம் திறந்தது, இறால் ஏறியது. அந்த மழைக்காலம் எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் அடுப்பு அணையவில்லை.

அதற்கப்புறம்தான் பேஜாரு ஆரம்பித்தது. பட்டை நன்றாக இருக்கிறது என்ற பேச்சு பக்கத்து ஊர்களுக்குப் போனது. அடுத்த வருஷம் ஐம்பது பேராகக் கோடாலியோடு போகலாம் என்று இளவட்டங்கள் கிளம்பினார்கள். ஊர்க் கூட்டத்தில் ஒருவன், “காட்டு மரம் யாரு வெச்சது? யாரு வேணா எடுக்கலாம்,” என்றான்.

கூட்டத்தில் பெண்கள் பேசுவது எங்கள் ஊரில் அபூர்வம். நான் எழுந்தேன். “ஏரி யாரு வெட்டுனது? ஆனா நாம ஊருக்கு ஒரு எடம்னு பாடு வெச்சி, முறை போட்டுத்தானே வலை வுடுறோம்? நம்ம பாட்டுல வேத்தூரு வலை வந்தா சும்மா இருப்பியா?”

அவன் உட்கார்ந்துவிட்டான். ஊர்ப் பெரியதனக்காரர் என்னைப் பார்த்து, “நீயே சொல்லு, இன்னா பண்ணலாம்?” என்றார். வருஷத்துக்கு ஒரு வண்டி உப்பும் கருவாடும் கொண்டு மலையடிக்கு நாலு பேர் போவது, சென்னய்யாவின் ஆட்கள் எடுத்துத் தருகிற பட்டையை வாங்கி வருவது, மேலே யாரும் ஏறக் கூடாது என்று அன்றைக்கு முடிவானது. ஒருவருக்கும் அதில் குறை வரவில்லை.

பிறகு கோட்டைக்குக் கரி சேர்த்துத் தருகிற வியாபாரி ஒருவர் வந்தார். கோட்டையில் வெடிமருந்து இடிக்கிற கொட்டடிக்குக் கரி எவ்வளவு வந்தாலும் போதாது என்று எல்லோருக்கும் தெரியும். அவர் மரியாதையானவர், குரலை உயர்த்தவே இல்லை. அடர்ந்த காடு எந்தப் பக்கம், எந்த வழியாக ஏறினால் மரம் கிட்டும் என்று காட்டினால் போதும் என்றார்.

என் வீட்டுக்காரரைக் கேட்டார். “நம்மளுக்குத் திசையெல்லாம் கடல்லதான் ஐயா தெரியும். தரையில கெழக்கு மேக்கே தெரியாது,” என்றார் அவர்.

தேசப்பனைக் கேட்டார். அவன் தாங்கித் தாங்கி நடந்து வந்து காலைக் காட்டினான். “நான் மயக்கத்துல இருந்தேன் ஐயா. போறப்பவும் மயக்கம், வர்றப்பவும் மயக்கம்.”

போலம்மாவைக் கேட்டார். அவள் இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி, இறாலைக் கூடையில் போட்டுக்கொண்டே, வடக்கே ஒரு கையும் தெற்கே ஒரு கையும் காட்டினாள்.

கடைசியாக என்னிடம் வந்தார். “நீதானேம்மா அவங்ககூடப் பேசுனது? நீ சொல்லு.”

“பேசுனேன் ஐயா,” என்றேன். “வர்றதா இருந்தா முன்னாலயே கேட்டுட்டுத்தான் வரணுமாம்.”

“யாரைக் கேக்கணும்?”

“அதை நான் அடுத்த தடவை போறப்ப கேட்டுட்டு வந்து சொல்றேன்.”

அவர் சிரித்தார். புரிந்திருக்கும். ஆனாலும் வழியில் பார்க்கும்போதெல்லாம், “கேட்டியாம்மா?” என்று விசாரிப்பார். வருஷா வருஷம் நான் மலையடிக்குப் போகிறேன். மங்கம்மாவுக்கு நெத்திலிக் கருவாடு கொடுத்து, அவள் கையால் மூங்கிலரிசிக் கஞ்சி குடித்து, பொழுது போனது தெரியாமல் ஊர்க்கதை எல்லாம் பேசிவிட்டு வருகிறேன். அதை மட்டும் கேட்க மறந்துபோகிறது.